ஏழாம் நம்பர் மீட்டர்

மீட்டரம்மாவுக்கு ஊரடங்கின் நாலாம் நாளே கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகத் தெருத்தெருவாக அலைந்து, வீட்டுக்கு வீடு மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கிறவள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாசல் ஏறி இறங்கும் மனுஷியைப் பிடித்து இரண்டு அறைக்குள் உட்கார வைத்தால் வேறு என்ன ஆகும்? முதல் நாள் அலமாரியைத் துடைத்தாள். இரண்டாம் நாள், துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தாள். மூன்றாம் நாள் ஜன்னல் ஓரம் நின்று, எதிர்க் கட்டடத்துக் கொடிகளில் எத்தனை துணி காய்கிறது என்று எண்ணினாள். நாலாம் நாள் பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து, நீளவாக்கில் கோடுகள் போட்டு, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் அறைக்கு இறங்கிப் போனாள்.

அறை என்று சொல்வதே அதிகம். ஒரு பலகை, அதில் இரண்டு வரிசையாக எட்டு மீட்டர், மூலையில் ஒரு துடைப்பம். தளத்துக்கு இரண்டாக நாலு தளத்தில் எட்டு வீடு. ஊரடங்குக்கு முந்தின வாரம்தான் பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதுசாக மாட்டியிருந்தார்கள். மாட்ட வந்த ஃபிட்டர் தலை கால் புரியாத அவசரத்தில் இருந்தார். "அக்கா, நீங்க நம்ம டிபார்ட்மெண்ட் ஆளுதானே, நம்பர் ஸ்டிக்கரை நீங்களே ஒட்டிடுங்களேன்" என்று தாளை அவள் கையில் திணித்துவிட்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடிவிட்டார். அவளும் பெருமையாக ஒட்டினாள். மேல் வரிசையில் ஒன்று முதல் நாலு, கீழ் வரிசையில் ஐந்து முதல் எட்டு. கோணல் மாணல் இல்லாமல் ஒட்டிவிட்டு, படம் எடுத்துக் கட்டட வாட்ஸப் குழுவிலும் போட்டாள். ஆறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

இந்தப் புது மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு உண்டு. வீட்டில் கரண்ட் ஓட ஓட அது மினுக்கும். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடினால் பத்து எண்ணுவதற்குள் ஒரு மினுக்கு. ஹீட்டரோ இஸ்திரியோ போட்டால் கண் சிமிட்டவே நேரம் இருக்காது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் விளக்கு அப்படியே நின்றுவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்த மாதிரிதான்.

எட்டிப் பார்க்கும் ஆசை அவளுக்கு நிறையவே இருந்தது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டார்: "படிச்சுட்டுப் போயிட்டே இரு. எதையும் கேக்காதே." இருபத்திரண்டு வருஷம் அவள் கேட்கவில்லை. ஒரு தெருவில் ஒரு வீட்டு மீட்டர் மட்டும் திடீரென்று இரண்டு மடங்கு ஓடும். புதுசாகக் குழந்தையா, விருந்தாளியா, உடம்பு சரியில்லாதவரா? இன்னொரு வீட்டில் மூன்று மாதம் நின்றுபோய்க் கிடக்கும், எங்கே போனார்கள்? மண்டை குடையும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். அப்படி விழுங்கி வைத்த கேள்விகள் எல்லாம் சேர்ந்துதான் இப்போது அவளை மாடிப்படிக்குக் கீழே இறக்கிவிட்டன.

காலை ஆறு, மதியம் இரண்டு, மாலை நாலு என்று மூன்று ரீடிங். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அவள் தூங்குவாள். அதனால் தூங்குமுன் ஒன்று, எழுந்ததும் ஒன்று. நோட்டில் ஏழு வீட்டுக்குத்தான் கோடு போட்டிருந்தாள். அவளுடைய ஆறாம் நம்பருக்கு இடமே விடவில்லை. நம் வீட்டில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாதா? எந்த அறையில் எந்த விளக்கு எத்தனை நிமிஷம் என்பது வரை அவள் போட்ட சட்டம். அண்ணன் வாங்கிக் கொடுத்த ஏசி ஒன்று மகளின் அறையில் தொங்கியது. விருந்தாளி வந்தால்தான் அதற்கு உயிர் வரும். ஆகவே ஆறாம் நம்பரை எழுதுவது அவளுக்கு வீண் வேலையாகப் பட்டது.

நோட்டு நிரம்ப நிரம்பக் கட்டடத்துக்கே பொழுதுபோக்கு கிடைத்தது. வீட்டு எண்ணைச் சொல்லாமல் தினமும் சாயங்காலம் குழுவில் ஒரு துப்புப் போடுவாள். "இன்னிக்கு ஒரு வீட்டுல காலையில ஆறுக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஏழு யூனிட். யாரு, என்ன?" உடனே எல்லாரும் துப்பறிய இறங்கிவிடுவார்கள். கீழ்வீட்டுத் தையல்காரி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. ஒருநாள் விடை அவளே என்று தெரிந்ததும், "நான் திரைச்சீலை அத்தனையும் துவைச்சு இஸ்திரி போட்டதை இப்படியா ஊருக்கே சொல்லுவே!" என்று கோபித்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் ஆறு மணி ஆனதும், "என்னம்மா, இன்னும் துப்பு வரலை?" என்று முதலில் கேட்டவளும் அவள்தான்.

இந்தக் குழுவில் இருந்தும் ஒரு வார்த்தை எழுதாத ஆள் ஒருவர் இருந்தார். ஏழாம் வீட்டு லிஃப்ட்காரர். அறுபது வயது, தனிக்கட்டை, குடிவந்து மூன்று மாதம். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். அந்த முப்பது வருஷமும் அவருக்கு ஃபோன் வந்தால், எங்கேயோ யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓய்வு பெற்ற அன்றைக்கே ஃபோனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். மணி அடிக்கும், அவர் பாட்டுக்கு இருப்பார். வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சிக்கு மட்டும் நாளுக்கு ஒருமுறை "நலம்" என்று எழுதிப் போடுவார், அதுவும் நினைவிருந்தால்.

விமானம் எல்லாம் நின்றுபோனதும் அந்தத் தங்கச்சி பயந்துபோய், எப்படியோ மீட்டரம்மாவின் எண்ணைப் பிடித்துக் கூப்பிட்டாள். "அக்கா, எங்க அண்ணனைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. ஏதாவது ஒண்ணுன்னா யாருக்கும் சொல்லவே மாட்டார்."

அன்றைக்கே மீட்டரம்மா மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய், ஆறு அடி தள்ளி நின்று கதவைத் தட்டினாள். லிஃப்ட்காரர் மூக்கு வரை கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க ஃபோனை எடுக்க வேணாம். நான் தினமும் மூணு தடவை உங்க மீட்டரைப் பாக்கறேன். அது ஓடுற வரைக்கும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். நின்னுச்சுன்னா அடுத்த நிமிஷம் வந்து கதவைத் தட்டுவேன். சரியா?"

அவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. கண் சுருங்கச் சிரித்தார். "இது நல்ல முறைம்மா. லிஃப்ட்ல மாட்டினவங்களுக்கு நான் சொல்றதும் இதுதான். மணியை ஒரு தடவை அடிங்க. அடிச்சுட்டுக் கீழ உக்காந்துடுங்க. கதவை உதைக்காதீங்க, கத்தாதீங்க, ஆள் வரும்."

அதிலிருந்து தினமும் காலையில் தங்கச்சி கூப்பிடுவாள். "அக்கா, ஓடுதா?" மீட்டரம்மா நோட்டைப் பார்த்து, "ஓடுது, ஜம்முனு ஓடுது" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கும் ஒரு பெரிய பொறுப்பை ஏற்றுக்கொண்ட திருப்தி. ஏழாம் வீட்டு மீட்டர் பார்க்கவும் லட்சணமாக இருந்தது. காலையில் அளவோடு, ராத்திரியில் இன்னும் அளவோடு. தனி ஆளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். புழுக்கத்துக்கு இரண்டு ஃபேன் போடுவார் போல. "நம்ம வீடு மாதிரியே ஒழுங்கான கை" என்று கணவனிடம் மெச்சிக்கொண்டாள்.

கணவன் சலூன்காரர். கடையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பதினாறு வயது மகளோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்த மனுஷன். "ஆமா ஆமா" என்றார். தலையைத் தூக்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏழாம் நம்பர் ஒரு புதிர் போட்டது. ஊரடங்கின் பத்தாம் நாளிலிருந்து, மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் மட்டும் மூன்று யூனிட் பறந்தது. ஒருநாள் ஓடினால் தற்செயல். தினமும், மணி அடித்தமாதிரி, அதே இரண்டு மணி நேரம்! தனி ஆள், வெயில் நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, அப்படி என்னதான் செய்கிறார்?

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடக்கமுடியாமல், வீட்டு எண்ணைச் சொல்லியே குழுவில் கேட்டுவிட்டாள். "ஏழாம் வீட்டுல மத்தியானம் ரெண்டுலருந்து நாலு. தினமும் மூணு யூனிட். என்னவா இருக்கும்?"

குழு திமிலோகப்பட்டது. கேக் சுடுகிறார் என்றாள் தையல்காரி. சுட்டால் வாசனை வரவேண்டுமே என்றார் முதல் மாடி வங்கிக்காரர். அவர் கணிப்பு, லிஃப்ட் மோட்டார் ஒன்றை வீட்டிலேயே வைத்து ஓட்டிப் பார்க்கிறார் என்பது. எட்டாம் வீட்டில் இரட்டைக் குழந்தைகள்; அவர்களோடு மல்லுக்கட்டும் தாய், "எதுவா இருந்தாலும் ரெண்டு மணி நேரம் நிம்மதியா செய்யறாரே, குடுத்து வெச்சவர்" என்று எழுதினாள். ஐந்தாம் வீட்டு நர்ஸ் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. அவளும் இடைவேளையில் எட்டிப் பார்த்து, "வெந்நீர்ல கால் வெச்சுட்டு உக்காந்திருப்பார்" என்று தன் பங்குக்குப் போட்டாள். இத்தனை ஆட்டத்துக்கும் நடுவில் லிஃப்ட்காரர் மட்டும் மூச்சுவிடவில்லை. படித்திருக்கிறார் என்பதற்கு நீல டிக் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

ஊரடங்கின் இருபத்தோராம் நாள் காலை. தங்கச்சியின் குரல் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது. "அக்கா, நேத்திலருந்து பதினஞ்சு தடவை அடிச்சேன். இப்ப ரிங்கே போகலை. 'நலம்'னும் போடலை."

"உங்கண்ணன் என்னிக்கும்மா ஃபோனை எடுத்தார்? சார்ஜ் போட மறந்திருப்பார். மீட்டர் ஓடுது. நேத்து மத்தியானமும் அந்த மூணு யூனிட் ஓடியிருக்கு. அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார்."

தங்கச்சி பெருமூச்சு விட்டது கேட்டது. "நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி அக்கா."

ஆனால் அன்றைக்கு மதியம் மீட்டரம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புதிர் பதினொரு நாளாகக் குடைகிறது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தாள். கூடத்தில் கண்ணை மூடிப் பத்து நிமிஷம் படுத்திருந்துவிட்டு, இரண்டரை மணிக்குச் சத்தமில்லாமல் கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஏழாம் நம்பரின் சிவப்புப் பொட்டு துடித்துக்கொண்டிருந்தது. ஆள் ஆரம்பித்துவிட்டார்! இரண்டு இரண்டு படியாக மூன்றாம் மாடிக்கு ஏறி, ஏழாம் வீட்டுக் கதவில் காதை வைத்தாள்.

சத்தமே இல்லை. மோட்டார் இல்லை, அடுப்பின் உறுமல் இல்லை, கேக் வாசனையும் இல்லை. எதிர் வீட்டில் இரட்டையர்கள் பாத்திரத்தைத் தட்டும் சத்தம்தான் மாடி முழுக்கக் கேட்டது. தட்டலாமா என்று கையைத் தூக்கியவள், என்னவென்று சொல்லித் தட்டுவது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டாள். மீட்டர் ஓடினால் தொந்தரவு செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவளே அவள்தான்.

ஏமாற்றத்தோடு தன் வீட்டுக்குத் திரும்பி வெறுங்காலோடு உள்ளே வந்தாள். மகளின் அறைக் கதவைத் தாண்டும்போது கால் விரலில் ஜில்லென்று காற்று பட்டது. நின்றாள். குனிந்து, கதவுக்கும் தரைக்கும் இடையே கையை வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

கதவைத் தள்ளினாள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஃபோனை நீட்டிப் பிடித்திருக்க, சலூன்காரர் அதற்கு எதிரில் சீப்பும் கையுமாக நின்று, "காதுக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி! அங்கேயே நிறுத்துங்க தங்கச்சி, இல்லேன்னா உங்க வீட்டுக்காரருக்குக் காதே இருக்காது" என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். ஃபோனுக்குள் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் பாதி வெட்டிய தலை, தலைக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு நடுங்கும் ஒரு பெண்.

மீட்டரம்மாவைப் பார்த்ததும் சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மகள் ஃபோனை அணைத்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

"வாடிக்கைக்காரங்கம்மா" என்றாள் மகள். "முடி வளந்து எல்லாரும் கரடி மாதிரி இருக்காங்களாம். அப்பா சொல்லச் சொல்ல வீட்டுல உள்ளவங்க வெட்டிவிடறாங்க."

"அதை ஏன் ஒளிஞ்சு செய்யணும்?"

சலூன்காரர் சீப்பைச் சட்டைப்பையில் செருகினார். "உனக்குத் தெரிஞ்சா கட்டடத்துக்கே தெரிஞ்ச மாதிரி. பாதிப் பேருக்கு நடுமண்டையில ஓட்டை விழுந்திருக்கு. வெளிய சொல்லாதீங்கன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாங்க. ஜன்னலைச் சாத்தினா வேர்த்துக் கொட்டுது, அதான் ஏசியை..."

"ஏசியை! யாரைக் கேட்டு ஏசியை? எத்தனை நாளா?"

"ஒரு பத்துப் பதினோரு நாளா. நீ தூங்கற நேரம் மட்டும்தான். ரெண்டுலருந்து நாலு."

திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. ரெண்டுலருந்து நாலு. பதினோரு நாள். அவள் மெதுவாக ஏசியின் ரிமோட்டை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "நான் கீழ போய் ஃபோன் பண்றேன். போடுன்னா போடு, அணைன்னா அணை."

மீட்டர் அறையில் நின்று, "அணை" என்றாள். ஏழாம் நம்பரின் துடிப்பு சட்டென்று அடங்கி, நிதானமாக மினுக்கியது. "போடு." துடித்தது. "அணை." அடங்கியது. நாலு முறை செய்து பார்த்தாள். மூன்றாவது முறையே தெரிந்துவிட்டது. நாலாவது, தெரிந்தது பொய்யாக இருக்கட்டும் என்று.

ஏழு என்று அவள் ஒட்டியது அவளுடைய வீட்டு மீட்டரில். ஃபிட்டர் எந்த ஒயரை எங்கே கொடுத்தார் என்று பார்க்காமல், பள்ளிக்கூடப் பிள்ளை எண் எழுதுகிற மாதிரி இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே போயிருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் ஸ்விட்சை அணைத்துப் பார்த்த பிறகுதான் எண் போடவேண்டும் என்பது சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்த பாடம். வேலைக்கு வந்த எத்தனை புதுப் பெண்களுக்கு அவளே அதைச் சொல்லியிருக்கிறாள்!

அப்படியானால் அவருடையது? ஆறும் ஏழும் இடம் மாறியிருந்தால், ஆறு.

ஆறு என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு இருண்டு கிடந்தது. பத்து எண்ணினாள், முப்பது எண்ணினாள். நூறு வரை எண்ணியும் ஒரு மினுக்குக்கூட இல்லை. எப்போது நின்றது? இன்றைக்கா, நேற்றா, நாலு நாள் முன்பா? நோட்டைப் புரட்டினாள். அத்தனை பக்கத்திலும் ஏழு வீடு. ஆறாம் நம்பருக்குக் கோடே கிடையாது. அவள் படிக்காமல் விட்ட ஒரே மீட்டர் அதுதான்.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கட்டடமே வாசலுக்கு வந்தது. சலூன்காரர் வாசல் கேட் பக்கம் கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கதவைத் தட்டினார்கள், கூப்பிட்டார்கள், பதில் இல்லை. வங்கிக்காரர் எங்கிருந்தோ சுத்தியல் கொண்டுவந்தார். பூட்டு பெயரப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் மீட்டரம்மா படிக்கட்டில் உட்கார்ந்து, "ராஜா மாதிரி இருக்கார்னு சொன்னேனே, ராஜா மாதிரி இருக்கார்னு சொன்னேனே" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் சமையலறைத் தரையில் இருந்தார். ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை அசைக்காமல் நீட்டி, உட்கார்ந்த வாக்கில். கீழே கவிழ்ந்த ஸ்டூல். மடியில் காலியான பால் பாக்கெட்டும் கடித்த வெள்ளரிக்காயும். உதடு வெடித்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"வந்துட்டீங்களா" என்றார். குரல் காற்றாக வந்தது.

சலூன்காரர் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டார். மீட்டரம்மா ஆறு அடியாவது ஒன்றாவது, பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தாள். பாதி அவர் சட்டையில் கொட்டியது.

"எப்ப விழுந்தீங்க அண்ணே?"

"நேத்து. பதினொண்ணு இருக்கும். இடுப்பு போயிடுச்சு, நகர முடியலை. ஃபோன் முன்னறையில. அடிச்சு அடிச்சு அதுவும் செத்துப்போச்சு. கொஞ்சம் கத்திப் பாத்தேன். கீழ நர்ஸ் வீடு பூட்டியிருக்கு. எதிர்ல அந்தக் குட்டிங்க போடுற சத்தம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்புறம்தான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. வீட்டுல ஓடிட்டிருந்தது இது ஒண்ணுதான், கைக்கும் எட்டிச்சு."

கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். ஃப்ரிட்ஜின் ப்ளக். சுவரிலிருந்து பிடுங்கிய ஒயர் அவர் விரல்களுக்குள் இருந்தது. இருபத்தேழு மணி நேரமாக அதை அவர் விடவில்லை.

"மணியை ஒரு தடவை அடிச்சாச்சு, உக்காந்துட்டேன். ரெண்டு மணிக்கு வருவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நாலு மணிக்கு. அப்புறம் இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு." குறை சொல்கிற குரல் இல்லை. பழுது எங்கே என்று தேடுகிறவரின் குரல்தான். "ஏம்மா, என் மீட்டர் நிக்கலையா?"

மீட்டரம்மா அழுதுவிட்டாள். "நின்னுச்சு அண்ணே. நான்தான் பாக்கலை. நம்பரை மாத்தி ஒட்டிட்டேன். உங்க வீடுன்னு நெனச்சு என் வீட்டையே பாத்துட்டு இருந்திருக்கேன்."

வெடித்த உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"அப்ப அந்த மத்தியானம் ரெண்டுலருந்து நாலு?"

"எங்க வீட்டு ஏசி."

"அப்பாடா" என்றார். "பத்து நாளா தேடறேன். என் வீட்டுல அப்படி எது கரண்டைக் குடிக்குதுன்னு. ஒவ்வொரு ப்ளக்கா கழட்டிப் பாத்தேன். ஃபேனைப் பிரிச்சுப் பாத்தேன். கடைசியா பரண்ல பழைய கீசர் ஒண்ணு இருந்துச்சு, அதுலதான் ஒயர் கசியுதோன்னு ஸ்டூல் போட்டு ஏறினேன்."

அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவரை விழ வைத்ததும் அவள் ஒட்டிய அந்த ஸ்டிக்கர்தான். விழுந்த பிறகு காத்திருக்க வைத்ததும் அதுதான். மூன்றாவது மாடிக்கு ஏறி, "அண்ணே, மத்தியானத்துல என்ன செய்யறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இரண்டும் நடந்திருக்காது.

ஆம்புலன்ஸ் வந்தது. தலை முதல் கால் வரை மூடிய உடையில் இரண்டு பேர் அவரைத் தூக்கிப் போனார்கள். அன்று சாயங்காலம் குழுவில் துப்பு எதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாக மீட்டரம்மா நடந்த அத்தனையையும் எழுதினாள், ஸ்டிக்கர் ஒட்டியது யார் என்பது உட்பட. தங்கச்சிக்கு எழுதிப் போடவில்லை. ஃபோன் செய்து, அவள் அழுது முடிக்கிற வரை கேட்டுக்கொண்டு இருந்தாள். தன் தப்பையும் சொன்னாள். பிறகு தங்கச்சி, "நாளைக்கும் கூப்பிடலாமா அக்கா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை எட்டு வீட்டுக்கும் வேலை கொடுத்தாள். ஒருவர் பின் ஒருவராக வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மாடிப்படியில் நின்று குரல் கொடுக்கவேண்டும். பூட்டிய ஐந்தாம் வீட்டின் சாவியை எங்கே வைத்திருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னாள். "ஒண்ணு அணைச்சாச்சு!" என்று தையல்காரி கத்த, "பாத்தாச்சு!" என்று அவள் கீழிருந்து கத்தினாள். இரட்டையர்களுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய், அவர்கள் வீட்டு ஸ்விட்சை மட்டும் ஏழு முறை அணைத்தார்கள். பழைய ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, அழியாத மையால் மீட்டரிலேயே எண் எழுதினாள். நோட்டில் எட்டாவது கோடும் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, இடுப்பெலும்பில் தகடு வைத்து, நடைவண்டியோடு லிஃப்ட்காரர் வீடு திரும்பினார். ஊரடங்கு இன்னும் விலகவில்லை. மண்டிக் கிடந்த அவர் தாடியைச் சலூன்காரர் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து மழித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் காலை, வழக்கம்போலத் தங்கச்சி கூப்பிட்டாள்.

"அக்கா, ஓடுதா?"

மீட்டரம்மா அப்போதுதான் ரீடிங் எடுத்துவிட்டு நோட்டும் கையுமாகப் படியேறிக்கொண்டிருந்தாள். ஏழாம் நம்பர் ஓடுகிறது. பத்து எண்ணுவதற்குள் ஒரு மினுக்கு, அசல் ஏழாம் நம்பர்.

"இரும்மா, கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

தன் வீட்டைத் தாண்டி மூன்றாம் மாடிக்கு ஏறி, ஆறு அடி தள்ளி நின்று கதவைத் தட்டினாள். நடைவண்டி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் லிஃப்ட்காரர் திடுக்கிட்டார்.

"என்னம்மா, மீட்டர் நின்னுடுச்சா?"

"இல்லண்ணே, நல்லா ஓடுது" என்று ஃபோனை அவர் பக்கம் நீட்டினாள். "ராத்திரி தூங்கினீங்களா?"